ஆவாரைக்குப் பிரஜாவுரிமை வழங்கியவர் யார்?

நாட்டுச் செடிகளைக் காக்க வேண்டும் என்னும் குரல் இன்று இலங்கையெங்கும் ஒலிக்கிறது. பாடசாலைகளில் மரநடுகை விழாக்கள் நடைபெறுகின்றன. உள்நாட்டுத் தாவரம் எது, வெளிநாட்டிலிருந்து வந்த தாவரம் எது என்று மாணவர்கள் பட்டியலிட்டுக் கற்கின்றனர். நல்ல காரியமே. மண்ணையும் நீரையும் நேசிப்பவர் எவரும் இதனை எதிர்க்க மாட்டார். நாமும் எதிர்க்கவில்லை.

நாம் எதிர்ப்பது வேறொன்றை. செடிகளைப் பிரித்தறிவதற்காக அறிஞர் வகுத்த அளவுகோலைச் சிலர் ஓசைப்படாமல் எடுத்து மனிதர்மேல் வைத்து அளக்கின்றனர். ‘இந்த மண்ணில் வேரோடியவர்கள் நாங்கள், நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவர்கள்’ என்று பதுளைக்கும் பசறைக்கும் பண்டாரவளைக்கும் சுற்றிலுமுள்ள தோட்ட மக்களை நோக்கிக் கூறுகின்றனர். கூறுவோர் தம்மை நாட்டுப்பற்றாளர் என்கின்றனர். கேட்போரும் இது ஏதோ இயற்கையின் நியதி என்று எண்ணி வாய்மூடிப் போகின்றனர். வேர், மண், நடுகை என்னும் சொற்கள் அவ்வளவு இயல்பானவையாகத் தோன்றுகின்றன!

இந்தப் பேச்சு பொய் என்பதை மெய்ப்பிக்க நாம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. தாவரவியலையே சாட்சிக்கு அழைப்போம். ஒரே ஒரு செடி போதும். அது ஆவாரை.

ஆவாரையை அறியாதவர் தமிழரிடையே அரியர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச் செடி அது. ஆள் உயரம் வளரும். கொத்துக் கொத்தாய் மஞ்சள் மலர் பூக்கும். காய் தட்டையானது, அவரைக்காயை நினைவூட்டுவது. இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல் அகன்ற சிற்றுறுப்புகள் இரண்டு இருத்தலால், ‘காதுடையது’ என்னும் பொருள்பட லின்னேயஸ் இதற்கு லத்தீனில் ‘ஆரிகுலாட்டா’ என்று பெயரிட்டார். நீரூற்றுவாரும் வேலியிடுவாரும் இல்லாத கரட்டு நிலத்தில், வெயில் கொளுத்தும் பாதையோரத்தில் தானே முளைத்துத் தானே பூப்பது இதன் இயல்பு.

ஏழையின் செடி என்று இதனைக் கூறலாம். கிராமத்தார் இதன் குச்சியால் பல் துலக்கினர். தழையை வயலுக்கு உரமாக மிதித்தனர். பூவை உலர்த்தி மருந்தாக்கினர். இதன் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து சேர்வதற்கு முன்னர், சென்னை மாகாணத்தின் தோல் தொழில் பெரும்பாலும் ஆவாரம்பட்டையை நம்பியே நடந்தது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்து வீட்டு வாயிலில் காப்புக் கட்டுவர்.

இவையெல்லாம் தமிழ்நாட்டுச் செய்திகள் அன்றோ என்று கேட்பீர்கள். பொறுங்கள். இதே செடிக்குச் சிங்கள மக்கள் இட்ட பெயர் ‘ரணவரா’. உலர்ந்த ரணவரா மலரைக் கொதிநீரிலிட்டுப் பருகும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. தெருவோரக் கடைகளில் இன்றும் அந்தப் பானம் கிடைக்கிறது. பொதி செய்து அங்காடிகளிலும் விற்கின்றனர். ஆங்கிலேயர் வழங்கிய பெயர்களுள் ‘மாத்தறைத் தேயிலை மரம்’ என்பதும் ஒன்று. சீனத்துத் தேயிலையைத் துரைமார் மலையில் நடுவதற்கு முன்பே தென்னிலங்கை தனக்கென ஒரு தேநீரை அறிந்திருந்தது. அது ஆவாரைத் தேநீர்!

தாவரவியலாரைக் கேட்டால், ஆவாரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒருசேர உரிய செடி என்பர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்து கிடந்தபோது அந்தக் கடலும் இல்லை. இரு கரையும் ஒரே நிலம். பிற்பாடு கடல் வந்து பிரித்தது. ஆவாரை இரு கரையிலும் நின்றது. இந்தக் கரையில் நின்ற ஆவாரையை நோக்கி ‘உன் பாட்டன் எந்தக் கரையில் பூத்தான்?’ என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அதற்குப் பிரஜாவுரிமை வழங்கிய அமைச்சர் யார்? விண்ணப்பப் பத்திரத்தில் ஒப்பமிட்ட அதிகாரி யார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கைக்குரிய செடி என்று போற்றப்படும் ஆவாரை, இலங்கை மண்ணெங்கும் வளர்வதில்லை. நமுனுகுலையின் குளிரில் அது தங்காது. அப்புத்தளையின் பனிமூட்டத்தில் அதனைத் தேடுவது வீண். ஊவாவில் அதனைக் காண விரும்புபவர் வெல்லவாயவுக்கு இறங்கித் தனமல்விலப் பக்கத்து வறண்ட வெளிக்குப் போக வேண்டும். அம்பாந்தோட்டைக் கரையில் அது உண்டு, மன்னாரில் உண்டு, யாழ்ப்பாணத்தில் உண்டு. வெயிலையும் மழையளவையும் மண்ணின் தன்மையையும் அச்செடி அறியும். அரசாங்கத்தின் எல்லைக்கோட்டை அது அறியாது. ‘நாடு’ என்பது மனிதர் வகுத்த கோடு. அந்தக் கோட்டைச் செடியின்மேல் ஏற்றிப் பின்னர் அதே செடியைக் காட்டி மனிதரை வெளியே தள்ளுவது எந்த அறிவியலுக்கும் அடுக்காது.

இனி, மலைக்கு ஏறுவோம். அங்கே என்ன வளர்கிறது?

முதலில் வந்தது கோப்பி. அதன் தாயகம் எத்தியோப்பியா. ஊவாவின் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி எரித்து அதனை நட்டனர். 1869 ஆம் ஆண்டில் நம் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. உலகின் கோப்பித் தோட்டங்களை நடுங்க வைத்த இலைத்துரு நோய் இலங்கையில் தலைகாட்டியது அங்கேதான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி இராச்சியம் சரிந்தது. அடுத்துத் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளிலிருந்து சின்கோனா வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலையே ஈற்றில் மலையெங்கும் பரவிற்று. அதன் தாயகம் சீனமும் அசாமும். 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளை மலையில் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். தேயிலைக்கு நிழல் தர வந்த கிரவில்லியா மரம் அவுஸ்திரேலியாவினது. தழையுரத்துக்காக நடும் கிளிரிசிடியா மத்திய அமெரிக்காவினது. ஆவாரையைப் போல் அதுவும் அவரைக் குடும்பத்ததே.

ஆக, தேயிலை மலையில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் வந்தேறிச் செடிகளே! ஆயினும் அந்தத் தேயிலைக்கு உலகச் சந்தையில் என்ன பெயர்? இலங்கைத் தேயிலை. ‘ஊவாத் தேயிலை’ என்றால் அதற்குத் தனி மதிப்பு. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று அதற்குத் தரும் மணத்தை இலண்டன் வியாபாரிகள் நூறாண்டுக்கு மேலாகப் புகழ்ந்து வருகின்றனர். சீனச் செடி இலங்கையின் பெருமையாயிற்று. அசாம் விதை ஊவாவின் பெயரைச் சூடிக்கொண்டது. இதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த மண்ணில் வளர்ந்து இந்த நாட்டுக்குச் செல்வம் தரும் செடி இந்த நாட்டின் செடியே.

ஆனால் அந்தச் செடியை நட்ட கைக்கு என்ன கிடைத்தது?

1820களில் தொடங்கித் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். பஞ்சம் துரத்தியது, கங்காணியின் வாக்குறுதி இழுத்தது. கரையிறங்கியவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். மன்னாரின் வறண்ட மணல்வெளி ஆவாரை பூக்கும் வெளி. ஆவாரை பூத்திருக்கையில் சாவாரும் உண்டோ என்று வியக்கும் பழமொழி ஒன்று நம்மவரிடம் வழங்குகிறது. அந்தப் பாதையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தவர் பல்லாயிரவர். மருந்துச் செடி வழியெங்கும் பூத்திருந்தால் மட்டும் போதாது. உண்ண உணவும் படுக்க இடமும் வேண்டும் என்பதை அவர்களுடைய எலும்புகள் சொல்லும்.

எஞ்சியவர்கள் மலையேறினர். காட்டை அழித்தனர், பாதை வெட்டினர், கோப்பி நட்டனர், கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டனர். 1924 இல் பதுளை வரை வந்த இருப்புப் பாதைக்கும் சரக்கு கொடுத்தது அவர்கள் பறித்த கொழுந்தே.

1948 பெப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் என்ன கேட்டது? ஒருவன் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவனுடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றும் வேண்டும். லயத்து இருட்டறையில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தவர் யார்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர். தேயிலைச் செடியிடம் எவரும் பூட்டனைக் கேட்கவில்லை. அதைப் பறித்தவளிடம் கேட்டனர்!

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று விட்டனர். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டனர். நாற்றங்காலில் நாற்றை முடி முடியாகக் கட்டிப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். பிரிக்கப்பட்டவர்களுடைய விருப்பத்தை ஒப்பந்த மேசையில் எவரும் கேட்கவில்லை.

கப்பலேறியவர்களின் கதை என்னவாயிற்று? தங்கள் ‘சொந்த மண்’ணுக்குப் போனவர்களில் பலர் நீலகிரியில் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968 இல் தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. ஊவாவில் கொழுந்து பறித்தவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் கொழுந்து பறித்தனர். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று பெயர் கேட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ என்று பெயர் கேட்டனர். வேரைத் தேடிப் போ என்று அனுப்பப்பட்டவர்களுக்கு வேர் இருந்த இடத்தில் கிடைத்த வரவேற்பு இது. வேர்க் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் அதில் உண்மையான வேதனை ஒன்று உண்டு. ‘தோட்டம் வந்ததால் எங்கள் நிலம் போயிற்று, சேனைக்காடு போயிற்று, மாடு மேய்ந்த பற்றை போயிற்று’ என்று ஊவாவின் சிங்கள விவசாயி சொல்கிறான். அவன் சொல்வது மெய். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என்றது. 1897 இல் வந்த தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கிற்று. ஆயின் அந்தச் சட்டங்களை எழுதியவன் கொழுந்துக் கூடை சுமந்தவனா? நிலத்தை விற்ற பணம் லயத்துக்கு வந்ததா? விவசாயியிடம் நிலத்துக்கு உறுதி கேட்டுப் பறித்த அரசும், தொழிலாளியிடம் பூட்டனுக்குச் சான்று கேட்டுப் பறித்த அரசும் கையாண்ட உபாயம் ஒன்றே. ஏழையிடம் இருக்க முடியாத காகிதத்தைக் கேள். இல்லையென்றால் உரிமையைப் பிடுங்கு. ஒரே கத்தியால் வெட்டுண்ட இருவர், கத்தி பிடித்தவனை விட்டுத் தங்களுக்குள் சண்டையிடுவது யாருக்கு ஆதாயம்? இதனைச் சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் சேர்ந்திருந்து சிந்திக்க வேண்டும்.

இனி நம் நண்பர்களை நோக்கியும் ஒரு சொல். 2023 ஆம் ஆண்டில் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தனர். முன்னோர் மாண்ட பாதையில் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடந்தது போற்றத்தக்கது. ஆனால் அதன்பின் மேடைதோறும் ஒரு வாதம் பெருகி வருகிறது: ‘200 ஆண்டு வேரோடியவர்கள் நாங்கள், ஆகையால் இம்மண் எங்களுடையது.’ நண்பர்களே, இந்த ‘ஆகையால்’ தவறு. பூட்டனைக் கேட்ட சட்டத்துக்குப் பூட்டனைக் காட்டிப் பதில் சொல்வதாகும் இது. எதிரியின் தராசிலேயே ஏறி நின்று, ‘என் எடை சரியாக இருக்கிறது’ என்று மகிழ்வதாகும். 200 ஆண்டு என்றால் உரிமை. அப்படியானால் 100 ஆண்டு என்றால்? 20 ஆண்டு என்றால்? நாளை வேறொரு மக்கள் கூட்டம் இம்மண்ணுக்கு வந்து உழைத்தால், இதே தராசை நாம் அவர்கள்முன் தூக்கிப் பிடிப்போமா?

மனிதன் செடியல்லன். மனிதர் கொண்டுவராமல் தானே ஓரிடத்தில் தோன்றியோ பரவியோ வாழ்வதைத்தான் தாவரவியலார் அந்த இடத்துக்குரிய தாவரம் என்கின்றனர். அது வண்டுக்கும் மண்ணுக்கும் காட்டுக்கும் நன்மை நாடி வகுக்கப்பட்ட சொல். காட்டை மூடிக் கொல்லும் களையை அகற்றுவதற்கு அந்தச் சொல் வேண்டும். அந்தச் சொல்லுக்கு மனிதரிடையே வேலை இல்லை. ஏனெனில் மனிதர் எல்லோரும் நடந்தோ கப்பலேறியோ வந்தவர்களே. விஜயன் தோழரோடு கப்பலில் வந்திறங்கினான் என்று மகாவம்சமே சொல்கிறது. இலங்கை மக்கள் தலைமேல் வைத்துப் போற்றும் அனுராதபுரத்து வெள்ளரசும், சங்கமித்தை கடல் கடந்து கொண்டுவந்த கிளை என்பது பௌத்த உலகம் அறிந்த வரலாறு. வெளியிலிருந்து வந்தது என்பதால் அதன் புனிதம் குறைந்ததா? இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நீரூற்றிக் காத்த கைகளின் அன்பன்றோ அதனை இம்மண்ணின் மரமாக்கிற்று!

எனவே நாம் சொல்வது இது. இங்கே பிறந்ததும், இங்கே வாழ்வதும், இங்கே உழைப்பதும் உரிமைக்குப் போதுமானவை. நேற்று லயத்தில் பிறந்த குழந்தைக்கும் 200 ஆண்டுக் கணக்கு வேண்டியதில்லை. அழுகுரல் ஒன்றே போதும்.

‘அதெல்லாம் பழங்கதை, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே’ என்று சிலர் நம்மை அமர்த்துவர். சட்டம் வந்தது மெய். வாக்குச்சீட்டு கிடைத்தது மெய். நிலம்? 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் துரைமாரிடமிருந்து அரசின் கைக்கு மாற்றின; உழைத்தவரின் கைக்கு மாற்றவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பெனிகளுக்குப் போயிற்று; பின்னர் நெடுங்காலக் குத்தகையும் கிடைத்தது. இந்த மாற்றங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயத்து அறை மட்டும் குடியிருப்பவரின் பெயருக்கு மாறவில்லை. சில இடங்களில் தனி வீடுகள் எழுந்துள்ளன, வரவேற்கிறோம். ஆனால் பெரும்பாலோர்க்கு இன்னும் காணி உறுதி இல்லை.

உறுதி இல்லாமை என்பது வெறும் காகிதக் குறையன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்தச் சரிவு அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. விலகிப் போங்கள் என்றனர். எங்கே போவது? சொந்தமென்று ஒரு துண்டு நிலம் இருப்பவன் அல்லவா ஒரு நிலத்தை விட்டு இன்னொரு நிலத்துக்குப் போக முடியும்? வேர் பற்றிப் பேசியவர்கள் அன்று மண்ணுக்குள் கிடந்தவர்களை எந்தப் பட்டியலில் எழுதினார்கள்?

தமிழ் இலக்கியத்தில் ஆவாரைக்கு ஆவிரை என்று பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. வேறோரிடத்தில் இன்னும் பொருள் பொதிந்த ஒரு வேலை அதற்கு உண்டு. காதல் மறுக்கப்பட்ட தலைவன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேலேறி ஊர்த்தெருவுக்கு வருவான். அன்று அவன் அணிவது எருக்கும் ஆவிரையும். வீட்டுக்குள் மறுக்கப்பட்ட வழக்கை ஊரார் முன்னிலையில் வைப்பதே மடலேறுதல். மஞ்சள் மலர் சூடி வருபவன் இரக்கத்தை யாசிக்க வரவில்லை. தனக்குரியதைக் கேட்க வருகிறான். கேட்பவனுக்கு நாணமில்லை; மறுத்தவர்க்கே நாணம்.

தோட்டத்து மக்களின் வழக்கும் இன்று தெருவுக்கு வர வேண்டிய வழக்கே. குடியிருக்கும் வீட்டுக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் குடியிருப்பவரின் பெயரில் உறுதி எழுதப்பட வேண்டும். அந்த உறுதியில் கணவனின் பெயரோடு, கொழுந்து பறிக்கும் மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும். சரிவில் குடியிருப்போர்க்கு அடுத்த மழைக்கு முன்னர் உறுதியான மாற்று நிலம் வேண்டும். இவை சலுகைகள் அல்ல; நிலுவையிலுள்ள கடன்.

பாடசாலையில் பணியாற்றும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நாட்டுச் செடிகளின் பட்டியலை மாணவர்க்குக் கற்பிப்போம்; ஆவாரையையும் காட்டுவோம்; சிங்களத்தில் அதன் பெயர் ரணவரா என்பதையும் சொல்வோம். கற்பிக்கும்போதே ஒன்றைத் திருத்தமாகச் சொல்லி வைப்போம்: இது செடிகளின் பட்டியல். மனிதருக்கு இத்தகைய பட்டியல் இல்லை. எவரேனும் எழுதிக் கொண்டுவந்தால் அதனை வாங்காதீர்கள்.